பின்பக்கத்து ஈரம்

ஜூலை 1, திங்கள்

காலை ஐந்தரைக்கு மோட்டார் போட்டேன். ஏழு மணிக்கே தண்ணீர் வற்றி மோட்டார் காற்று வாங்கிவிட்டது. போன ஐப்பசியில் பெய்ய வேண்டிய மழை பெய்யவில்லை. கோடை மழையும் ஏய்த்துவிட்டது. ஊர்க் கிணறு இன்னும் எத்தனை நாளைக்குத் தாங்கும் என்று யாருக்கும் தெரியாது. இன்றிலிருந்து ஒவ்வொரு தெருவுக்கும் எட்டு நாளைக்கு ஒரு முறை, வீட்டுக்கு நாலு குடம் என்று பஞ்சாயத்தில் முடிவு செய்திருக்கிறார்கள். முடிவு அவர்களுடையது, ஏச்சு எனக்கு. மேலத்தெருவில் ஒருத்தி, "ஏ சீனியம்மா, என்னமோ ஒன் வீட்டுத் தண்ணியத் தர்ற மாதிரி அளக்கிற?" என்றாள். "ஆமா, எங்கப்பன் வெட்டுன கெணறு" என்றேன்.

என் வீட்டுக்காரர் இருந்தவரை மோட்டார் ஓடிய நேரத்தை உரக்கடை டைரியில் எழுதிவைப்பார். அவர் போய், அவர் பார்த்த பஞ்சாயத்துத் தண்ணீர் திறக்கிற வேலை எனக்கு வந்து ஆறு வருஷம் ஆகிறது. டைரிப் பழக்கமும் அதோடு சேர்ந்து வந்தது. அவர் நேரத்தை மட்டும் எழுதி மூடிவிடுவார். எனக்கு அப்படி நிறுத்தத் தெரியாது.

மகள் பூங்கனிக்கு ஏழாவது மாதம். ஆவணியில் வளைகாப்பு. தலைப்பிரசவத்துக்கு என் வீட்டுக்கு வருகிறாள். என் வீட்டுக்கு. இரண்டு முறை எழுதிப் பார்க்க வேண்டும்போல் இருந்தது. அவள் கல்யாணத்தின்போது நான் அண்ணன் வீட்டுச் சுவரை ஒட்டி இறக்கிய சாய்ப்பில் குடியிருந்தேன். சம்பந்தி ராஜாமணி அம்மாள் அந்தச் சாய்ப்பை ஒரு பார்வை பார்த்துவிட்டு, "பிள்ளைப்பேறுக்கு எங்கிட்டுக் கூட்டிட்டு வருவீக? அவ எங்க வீட்லயே இருந்துக்கிடட்டும்" என்றார். அன்று சோறு இறங்கவில்லை. அந்த வேகத்தில் கட்டியதுதான் இந்த வீடு. முன்னால் போர்டிகோ, அப்புறம் கூடம், அடுப்படி, பின்னால் ஓர் அறை. எங்கள் தெருவில் போர்டிகோ வைத்த வீடு இது ஒன்றுதான்.

ஜூலை 3, புதன்

கூடத்துச் சன்னல் மூலையிலிருந்து கூரையைப் பார்த்து ஒரு விரிசல் சாய்வாக ஏறியிருக்கிறது. போன வாரம் இல்லை. தீக்குச்சியை வைத்துப் பார்த்தேன், நுழையவில்லை. மேல்பூச்சில் வந்ததாக இருக்கும்.

ஜூலை 5, வெள்ளி

தீக்குச்சி நுழைகிறது.

வீடு கட்டிய கொத்தனார் அய்யாக்குட்டியை வரச் சொன்னேன். மனிதர் விரிசலைப் பார்க்கவே இல்லை. நேரே வெளியே போய்ச் சுவரோரமாக மண்ணைப் பார்த்துக்கொண்டே சுற்றிவந்தார். கரிசல் மண் பாளம் பாளமாக வெடித்துக் கிடக்கிறது. சுவருக்கும் மண்ணுக்கும் நடுவே என் நாலு விரலும் போகிற இடைவெளி. எதிர்வீட்டுக் கோழிக்குஞ்சு ஒன்று நேற்று அதற்குள் விழுந்து, எடுப்பதற்குள் பட்ட பாடு பெரும்பாடு.

"கரிசல் மழையில உப்பும், காஞ்சா சுருங்கும். இப்ப வீட்டுக்கு அடியில இருக்க மண்ணு சுருங்குது. மேல இருக்கது என்ன செய்யும்? அதுவும் கூடவே எறங்கும்" என்றார்.

"இப்ப என்னதான் செய்யணும்?"

"மண்ணுக்கு ஈரம் காட்டணும். செவத்த விட்டு ரெண்டடி தள்ளி, நாலு பக்கமும் சமமா. தெனமும் கொஞ்சம் கொஞ்சமா. ஒரேயடியா கொட்டீராதீக. வெடிப்புல மணலப் போட்டு அடைங்க. மேல ஓலைய மூடி வைங்க." விரிசலுக்குக் குறுக்கே ஒரு கண்ணாடித் துண்டை வைத்து இரு முனையிலும் சிமெண்டு அப்பினார். "இது ஒடையாம இருந்தா பயமில்ல. ஒடைஞ்சா என்னயக் கூப்பிடுங்க. புள்ளத்தாச்சியை உள்ள வச்சுக்கிட்டு வெளையாடாதீக."

அப்புறம், "அன்னைக்கே நான் ஒங்ககிட்ட..." என்று ஆரம்பித்தார். டீ ஆறுகிறது என்றேன். குடித்துவிட்டுப் போனார்.

ஜூலை 8, திங்கள்

மூன்று நாளாகக் குளித்த தண்ணீர், பாத்திரம் கழுவிய தண்ணீர் எல்லாவற்றையும் வாளியில் பிடித்து வீட்டைச் சுற்றி ஊற்றுகிறேன். பின்பக்கம் பிரச்சினை இல்லை. முன்பக்கம்தான் தெருவைப் பார்த்து இருக்கிறது. இன்று காலை போர்டிகோ ஓரமாக ஊற்றிக்கொண்டிருந்தேன். குடத்தோடு போன இரண்டு பேர் நின்றுவிட்டார்கள். "பாத்தியாடி, தண்ணி தெறக்குறவ வீட்ல மண்ணுக்கும் தண்ணி கெடைக்குது" என்றாள் ஒருத்தி.

அது சோப்புத் தண்ணீர். வேண்டுமானால் வந்து குடித்துப் பார் என்று சொல்லியிருக்கலாம். மற்ற நாளென்றால் சொல்லியிருப்பேன். இன்று வாளியை எடுத்துக்கொண்டு உள்ளே வந்துவிட்டேன்.

இனி பின்பக்கம் மட்டும் ஊற்றினால் போதும். பூங்கனி படுக்கப்போவது பின் அறையில்தானே.

ஜூலை 13, சனி

மேல்நிலைத் தொட்டி கழுவினேன். அடியில் ஒரு சாண் வண்டல். கழுவிய தண்ணீர் எப்போதும் சாக்கடையில்தான் போகும். இந்த முறை குழாயைத் திருப்பி என் வீட்டுப் பின்பக்கம் விட்டேன். யாரும் குடிக்கிற தண்ணீர் இல்லை அது. யார் கேட்டாலும் சொல்வேன்.

பத்து வாளி இருக்கும். மண் குடித்த வேகத்தைப் பார்க்கவே பாவமாக இருந்தது.

ஜூலை 20, சனி

கடைசித் தெருவுக்குப் போகிற குழாயின் வால்வு என் வீட்டுக்குப் பின்னால்தான் இருக்கிறது. அதில் கசிவு. கசிவை அடைக்க வால்வுத் தண்டைச் சுற்றியிருக்கும் கயிறு தேய்ந்துவிட்டது. கடைசித் தெருவுக்குத் திறக்கிற அன்றைக்கு ஒன்றரை மணி நேரம் நன்றாகவே ஒழுகுகிறது. தண்ணீர் வால்வுத் தொட்டியைத் தாண்டி வழிந்து என் பின்சுவர்ப் பக்கம் ஓடி வருகிறது. சரிவு அப்படி. நான் ஒன்றும் வாய்க்கால் வெட்டவில்லை.

பஞ்சாயத்து நோட்டில் 'வால்வு கசிவு, கயிறு தேவை' என்று எழுதிவிட்டேன். கயிறு வந்ததும் சுற்ற வேண்டும்.

ஜூலை 29, திங்கள்

பின் அறையில் ஒரு கீறல்கூட இல்லை. பின்பக்க மண்ணில் வெடிப்பெல்லாம் மூடிவிட்டது, கால் வைத்தால் மெத்தென்று இருக்கிறது. கொத்தனார் சொன்னது சரிதான், ஈரம் காட்டினால் வீடு கேட்கும்.

கூடத்துக் கண்ணாடி உடையவில்லை. போர்டிகோவுக்கும் வாசற்படிக்கும் நடுவே மட்டும் ஓர் இடைவெளி விழுந்திருக்கிறது. கோலம் போடும்போது கண்ணில் பட்டது. அதன்மேல் கால்மிதி போட்டுவிட்டேன்.

கயிறு வரவில்லை.

ஆகஸ்ட் 1, வியாழன்

இன்று கடைசித் தெருவுக்குத் திறந்தேன். நாலு குடம் வர வேண்டிய இடத்தில் மூன்றுதான் வந்தது. அந்தத் தெருவில் நாற்பத்தொரு வீடு. சொர்ணத்தாய் என்று ஒருத்தி, ஆடு வளர்க்கிறவள், மூன்றாவது குடத்தோடு தண்ணீர் நின்றுபோனதும் குடத்தை நங்கென்று வைத்தாள்.

"இது மூணாவது தடவ. மத்த தெருவுக்கெல்லாம் நாலு, எங்களுக்கு மட்டும் மூணா? நாங்க என்ன பாவம் செஞ்சோம்?"

"மோட்டார் காத்து வாங்குது, நான் என்ன செய்ய?" என்றேன்.

"எங்க தெருவுக்குத் தெறக்கையில மட்டுமா காத்து வாங்குது?"

அவளுக்கு என் வயதுதான் இருக்கும். வெயிலில் கருத்து, எலும்பும் தோலுமாக இருந்தாள். கண்ணை நேரே பார்த்துப் பேசுகிறாள். ஒன்றியத்துக்கு எழுதிப் போட்டிருக்கிறேன் என்று சொல்லிவிட்டு வந்தேன். வரும் வழியெல்லாம் படபடப்பாக இருந்தது. வெயில்.

ஆகஸ்ட் 9, வெள்ளி

பின்பக்கம் ஏதோ சத்தம் என்று எட்டிப் பார்த்தால் ஆடுகள். ஐந்து ஆடும் ஒரு குட்டியும் தலையைத் தூக்காமல் மேய்கின்றன. என் வீட்டுப் பின்னால் மேய என்ன இருக்கிறது என்று பார்த்தால், சுவரோரமாகக் கோரை முளைத்து, பச்சைப் பசேலென்று கணுக்கால் உயரத்துக்கு நிற்கிறது. ஊரில் ஓர் அருகம்புல் இல்லை. கண்மாயே கட்டாந்தரையாகக் கிடக்கிறது. இந்த ஆடுகளுக்கு யார் தகவல் சொன்னார்களோ!

கம்பை எடுத்து விரட்டினேன். ஆடுகளைத் தேடிக்கொண்டு சொர்ணத்தாய் தெருமுனைக்கு வந்துவிட்டாள். ஓடிப்போய் அவளை அங்கேயே மறித்தேன்.

"ஆட்டக் கட்டிப்போடத் தெரியாதா? பிள்ள பெறப்போற வீடு. புழுக்கையா போட்டு வச்சிருக்கு."

"கட்டிப்போட்டா எதத் திங்கும் மதினி? தண்ணிக்கு வழியில்லாம போன வாரம்தான் ரெண்ட வித்தேன்" என்றாள். ஓர் ஆட்டின் வாயில் பச்சைக் கோரைத் தாள் ஒட்டியிருந்தது. அதையே பார்த்தாள். என்னைப் பார்த்தாள். ஒன்றும் கேட்காமல் ஓட்டிக்கொண்டு போய்விட்டாள்.

ஆகஸ்ட் 10, சனி

விடியுமுன்னே எழுந்து கோரையை முழுக்கப் பிடுங்கிவிட்டேன். கிழங்கு உள்ளே இருக்கிறது, மறுபடி வரும்.

ஆகஸ்ட் 15, வியாழன்

கொடியேற்றிவிட்டு மிட்டாயோடு வீட்டுக்கு வந்தால் கண்ணாடி உடைந்திருக்கிறது. சரியாக நடுவில். விரிசலில் பென்சில் நுழைகிறது.

பின்பக்கம் இவ்வளவு ஈரம் காட்டியும் எப்படி? புரியவே இல்லை. கொத்தனாரைக் கூப்பிட வேண்டும். கூப்பிட்டால் பூங்கனியை அழைத்துவர வேண்டாம் என்பார். வளைகாப்புக்கு இன்னும் பத்து நாள். பத்திரிகை கொடுத்தாயிற்று. ராஜாமணி அம்மாளின் முகம் கண்முன்னால் வந்து நிற்கிறது.

வளைகாப்பு முடியட்டும். சுண்ணாம்புக் குழம்பை விரிசலில் அடைத்து, மேலே மளிகைக்கடை காலண்டரை மாட்டினேன். பெரிய காலண்டர்தான். இருந்தும் கீழே ஒரு சாண் தெரிகிறது. அங்கே பீரோவை நகர்த்திவைத்தேன்.

ஆகஸ்ட் 18, ஞாயிறு

வேலைப் பையைச் சுத்தம் செய்தேன். ஸ்பேனர், பழைய வாஷர், கிரீஸ் டப்பா. அடியில் கயிறு ஒரு சுருள் கிடந்தது. பழசாக இருக்கும். அப்படியே உள்ளே வைத்துவிட்டேன்.

ஆகஸ்ட் 25, ஞாயிறு

வளைகாப்பு சம்பந்தி வீட்டில் நல்லபடியாக நடந்தது. ஐந்து வகைச் சாதம் கட்டிக்கொண்டு போனேன். பூங்கனி கையில் வளையல் முழங்கைவரை. என் பிள்ளைக்கு அப்படி ஒரு அழகு எங்கிருந்துதான் வந்ததோ. அவள் அப்பா இதைப் பார்க்கவில்லையே.

அழைத்துக்கொண்டு புறப்படும்போது ராஜாமணி அம்மாள் சொன்னார்: "புது வீடு. போர்டிகோ எல்லாம் வச்சிருக்கீகளாம், மகன் சொன்னான். நல்லா இருங்க சம்மந்தி." குத்தலாக இல்லை, மனதாரத்தான் சொன்னார். இந்த ஒரு வார்த்தைக்காகத்தான் இவ்வளவும். சந்தோஷமாக இருந்திருக்க வேண்டும். காரில் வரும்போது அந்தக் காலண்டர் கீழே விழுந்திருக்குமோ என்றுதான் நினைத்துக்கொண்டே வந்தேன்.

விழவில்லை.

ஆகஸ்ட் 28, புதன்

பின் அறைக் கதவு நிலையில் பிடிக்கிறது. பூங்கனி, "அம்மா, புதுக் கதவு ஏன் இப்படி இறுக்கமா இருக்கு?" என்றாள். வெக்கையில் மரம் அப்படித்தான் என்றேன். மழைக்காலத்தில்தான் மரம் உப்பும் என்று அவளுக்குத் தெரியும்.

கதவு ஓரத்தில் மெழுகுவத்தி தேய்த்தேன். பரவாயில்லை.

செப்டம்பர் 2, திங்கள்

பின் அறைத் தரையில் பளிங்குக் குண்டை வைத்தால் வாசலைப் பார்த்து உருளும் என்று நினைக்கிறேன். வைத்துப் பார்க்கவில்லை.

செப்டம்பர் 6, வெள்ளி

மத்தியானம் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது சுவருக்குள் 'டக்'கென்று ஒரு சத்தம். பூங்கனி சோற்றில் கை வைத்தபடி என்னைப் பார்த்தாள்.

"என்னம்மா அது?"

"பல்லி."

"பல்லி இப்படியா சத்தம் போடும்?"

எழுந்து போய்க் காலண்டரைத் தூக்கிப் பார்த்தாள். நான் தடுப்பதற்குள் பார்த்துவிட்டாள். அவள் சுண்டுவிரல் உள்ளே போயிற்று.

"அம்மா, நான் அத்தை வீட்டுக்கே போயிரட்டுமா?"

எங்கிருந்துதான் அந்த ஆத்திரம் வந்ததோ. "போ. போய் அவுக காலடியிலயே கெட. ஒங்கம்மாவுக்கு ஒரு வீடு கட்டக்கூடத் துப்பில்லனு ஊரெல்லாம் சொல்லு" என்று கத்திவிட்டேன். நிறைமாதப் பிள்ளை, அழுதாள். பிறகு நானும் அழுதேன். தலையில் எண்ணெய் வைத்துப் பின்னிவிட்டேன். பின் அறையில் ஒரு கீறலும் இல்லை, நீ அங்கேதானே இருக்கப்போகிறாய் என்று சொன்னேன். தலையாட்டினாள்.

செப்டம்பர் 12, வியாழன்

இரண்டு நாள் எழுதவில்லை. ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்து எழுதுகிறேன். நடந்ததை நடந்தபடி எழுத வேண்டும்.

செவ்வாய்க்கிழமை கடைசித் தெருவுக்கு முறை. காலை பத்தரைக்குத் திறந்துவிட்டு, குடம் நிறைவதைப் பார்க்க அந்தத் தெருவுக்குப் போயிருந்தேன். பதினொன்றேகாலுக்குப் பூங்கனி போனில் கூப்பிட்டாள். குளித்துவிட்டுத் துணி மாற்றப் பின் அறைக்குள் போய்க் கதவைச் சாத்தியிருக்கிறாள். தாழ்ப்பாள் திறந்துவிட்டது, கதவு வரவில்லை. இழுத்து இழுத்துப் பார்த்திருக்கிறாள்.

"அம்மா, கதவு அசைய மாட்டேங்குது. வலி வேற எடுக்குது. தண்ணி மாதிரி போகுதும்மா..."

போனைப் பிடித்தபடி நின்ற இடத்திலேயே "எம் பிள்ள உள்ள மாட்டிக்கிட்டா" என்று கத்தினேன். அதுவரை என்னிடம் சண்டை போட்டுக்கொண்டிருந்த பெண்கள் அவர்கள். நாலாவது குடம் எங்கே என்று கேட்டுக்கொண்டிருந்தவர்கள். தண்ணீர் விழுந்துகொண்டிருக்கிற குடத்தை அப்படியே விட்டுவிட்டு ஓடிவந்தார்கள். சொர்ணத்தாய்தான் முதலில் ஓடினாள், அவள் வீட்டுக் கடப்பாரையோடு.

முன்பக்கமாகப் போய்க் கதவை நாலைந்து பேர் தோளால் இடித்தோம். கல் மாதிரி நின்றது. நிலையே சாய்ந்து கதவைக் கவ்விப் பிடித்திருந்தது. உள்ளே பூங்கனி முனகுகிறாள். "சன்னல் பக்கம் போங்கடி, பிள்ளகிட்டப் பேச்சுக் குடுங்க" என்று சொர்ணத்தாய் சொன்னாள். நான் வாயைத் திறப்பதற்குள் ஏழெட்டுப் பேர் வீட்டைச் சுற்றிப் பின்பக்கம் ஓடிவிட்டார்கள்.

அவர்கள் கால் சேற்றில் புதைந்த சத்தம் எனக்கு உள்ளே கேட்டது. வால்வு அப்போதும் ஒழுகிக்கொண்டிருந்தது.

ஒருத்தி சன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு, "பயப்படாத தாயி, மூச்ச நல்லா இழுத்து விடு, நாங்க இருக்கோம்" என்று சொல்லிக்கொண்டே இருந்தாள். இந்தப் பக்கம் சொர்ணத்தாய் நிலையோரம் கடப்பாரையைக் கொடுத்து நெம்பினாள். பூச்சு பெயர்ந்து விழுந்தது, அப்புறம் செங்கல். அரை மணி நேரம் ஆகியிருக்கும். எனக்கு அது அரை வருஷம். நிலை விட்டதும் அவளே முதலில் உள்ளே போய்ப் பூங்கனியைத் தூக்கினாள். யாரோ கூப்பிட்டிருந்த 108 வண்டி தெருமுனையில் வந்து நின்றிருந்தது.

பூங்கனியை வண்டியில் ஏற்றிவிட்டுப் பை எடுக்க ஒரு நிமிஷம் வீட்டுக்குள் வந்தேன். கூடம், அடுப்படி, போர்டிகோ எல்லாம் சேற்றுக் கால்தடம். எத்தனை கால்கள். ஊரில் ஒரு சொட்டு ஈரமில்லாத நேரத்தில்.

பெண் குழந்தை. இரண்டேகால் கிலோ. இரண்டு பேரும் நன்றாக இருக்கிறார்கள்.

செப்டம்பர் 13, வெள்ளி

கொத்தனார் வீட்டைப் பார்த்துவிட்டு ஆஸ்பத்திரிக்கே வந்துவிட்டார். வராந்தாவில் பக்கத்தில் உட்கார்ந்து மெல்லத்தான் பேசினார்.

"நாலு பக்கமும் சமமானு சொன்னேன்ல. நீங்க பின்னாடி மட்டும் ஊத்தியிருக்கீக. பின்பக்க மண்ணு குடிச்சு உப்பி வீட்டத் தூக்கிருச்சு. முன்பக்கம் காஞ்சு எறங்கிருச்சு. ஒரு பக்கம் தூக்கி ஒரு பக்கம் எறங்குனா நிலை என்னம்மா செய்யும்? ஒண்ணுமே ஊத்தாம விட்டிருந்தாக்கூட இவ்வளவு ஆகியிருக்காது."

ஊற்றாமல் விட்டிருந்தால்கூட இவ்வளவு ஆகியிருக்காது. அந்தக் கதவை மூடியது நான் திருடிய தண்ணீர்.

திருடிய என்று எழுதிவிட்டேன். இனி மற்றதையும் எழுதிவிட வேண்டியதுதான். கயிறு வேண்டும் என்று நோட்டில் எழுதிய அன்றே என் பையில் கயிறு இருந்தது, புதுச் சுருள். சுற்றினால் கால் மணி நேர வேலை. நான் சுற்றவில்லை. ஒன்றியத்துக்கு எதுவும் எழுதிப் போடவும் இல்லை. அஸ்திவாரத்துக்கு வானம் தோண்டும்போது கொத்தனார் ஆறடிக்குப் போகச் சொன்னார், அங்கேதான் சரளை வரும், கரிசலில் கட்டுகிற வீட்டுக்கு அஸ்திவாரம் சரளையில் உட்கார வேண்டும் என்றார். மூன்றடியில் நிறுத்தச் சொன்னவள் நான். மிச்சக் கல்லையும் சிமெண்டையும் போர்டிகோவுக்குப் போடச் சொன்னேன். மண்ணுக்குள் போவதை யார் பார்க்கப்போகிறார்கள் என்று அவரிடம் கேட்டேன். விரிசலைப் பார்க்க வந்த அன்று அவர் சொல்ல வாயெடுத்தது இதைத்தான்.

சாயங்காலம் ராஜாமணி அம்மாள் வந்தார். குழந்தையைப் பார்த்துவிட்டு, "இங்கேருந்து எங்க கூட்டிட்டுப் போறது சம்மந்தி?" என்று கேட்டார். எல்லாவற்றையும் சொன்னேன். காலண்டரைக்கூட விடவில்லை. ஏசுவார் என்று காத்திருந்தேன். அவர் என் கையைப் பிடித்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தார். அதற்கு ஏசியிருக்கலாம்.

செப்டம்பர் 16, திங்கள்

பூங்கனியையும் குழந்தையையும் சம்பந்தி அழைத்துப் போனார்.

நான் ஊருக்கு வந்து முதல் வேலையாக வால்வில் கயிறு சுற்றினேன். பன்னிரண்டு நிமிஷம் ஆயிற்று.

பஞ்சாயத்து கிளார்க் மனோகரன் வந்தார். "சீனியம்மாக்கா, கசிவுனு நீங்களே நோட்ல தேதி போட்டு எழுதியிருக்கீக. அது அப்படியே இருக்கட்டும். கயிறு வரல, அதனால ஒழுகுச்சு. ஒங்க வேலைக்கும் சேதாரமில்ல, எங்களுக்கும் பேச்சில்ல" என்றார்.

எவ்வளவு லேசான வழி. ஒரு மணி நேரம் உட்கார்ந்து யோசித்தேன். யோசிக்கவே இல்லை என்று எழுத ஆசைதான்.

செப்டம்பர் 18, புதன்

கடைசித் தெருவுக்கு முறை. வால்வுச் சாவியைக் கையில் வைத்துக்கொண்டு தெரு நடுவில் நின்று சொன்னேன். "அது சும்மா ஒழுகுன கசிவு இல்ல. கயிறு எங்கிட்டயே இருந்துச்சு. நான்தான் சுத்தல. ஒங்க தண்ணிய எங்க வீட்டு மண்ணுக்கு விட்டேன்."

எல்லாரும் சேற்றில் நின்றவர்கள்தான், தெரிந்த கதைதான். இருந்தாலும் நான் வாயால் சொன்னதும் பிடித்துக்கொண்டார்கள். என் அம்மாவிலிருந்து ஆரம்பித்து ஏசினார்கள். ஒருத்தி மண்ணை வாரித் தூற்றினாள். நின்றேன். எல்லாரும் ஏசி முடித்த பிறகு சொர்ணத்தாய் முன்னால் வந்தாள்.

"கோரையப் பாத்த அன்னைக்கே தெரியும். புள்ளத்தாச்சி இருக்க வீடுன்னுதான் வாயத் தெறக்கல. அதுக்கப்புறமும் ரெண்டு ஆட்ட வித்தேன், அப்பவும் தெறக்கல" என்றாள். "அந்தச் சாவியக் குடு இங்க."

கொடுத்தேன். அவள் தெருவுக்கு அவளே திறந்தாள். நாற்பத்தொரு வீட்டுக்கும் நாலு நாலு குடம் வந்தது.

செப்டம்பர் 20, வெள்ளி

வேலை போய்விட்டது. சொர்ணத்தாய்க்கு மாற்றிப் போடுவதாகப் பஞ்சாயத்தில் பேச்சு. பின் அறையைப் பூட்டாமல் சும்மா விட்டிருக்கிறேன், பூட்டக் கதவு ஏது. போர்டிகோவில்தான் படுக்கிறேன். வீட்டோடு ஒட்டாமல் நிற்பதால் அதுதான் பயமில்லாத இடம் என்று கொத்தனார் சொல்கிறார். சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை.

செப்டம்பர் 27, வெள்ளி

எங்கள் தெருவுக்கு முறை. வரிசையில் கடைசியாகப் போய் நின்றேன். நாலு குடத்தையும் கழுத்துவரை நிரப்பினாள் சொர்ணத்தாய். மூன்றோடு நிறுத்தியிருந்தாலும் வாய் திறந்திருக்க மாட்டேன். அவளுக்கும் அது தெரியும். என் முகத்தைப் பார்க்காமல், "அடுத்த ஆளு" என்றாள். எனக்குப் பின்னால் யாரும் இல்லை.

செப்டம்பர் 30, திங்கள்

குளித்த தண்ணீரும் அரிசி களைந்த தண்ணீரும் சேர்த்து ஒரு வாளி வருகிறது. அதைச் செம்பால் அளந்து நாலு பக்கமும் ஊற்றுகிறேன். முன்பக்கமும். போகிறவர்கள் நின்று பார்க்கிறார்கள், பார்க்கட்டும். பின்பக்கம் காய்ந்து இறங்கி மட்டத்துக்கு வரவே இரண்டு மாதம் ஆகும், அதற்குள் மழை ஒரேயடியாகப் பெய்தாலும் ஆபத்து என்கிறார் கொத்தனார். இத்தனை நாள் மழை வராதா என்று பயந்தேன். இப்போது வந்துவிடுமோ என்றும் பயமாக இருக்கிறது.

மத்தியானம் பூங்கனி போன் செய்தாள். குழந்தை அழுகிற சத்தம் கேட்டது. நல்ல குரல்.

"அம்மா, முப்பது நாள் கழிச்சு அங்க வரட்டுமா? அத்தை அனுப்புறேன்னுட்டாக. ஒங்கம்மா தனியா கெடப்பாக, ஒரு மாசம் போய் இருந்துட்டு வான்னு அவுகளே சொன்னாக."

நான் கூடத்து விரிசலைப் பார்த்தேன்.

"வீடு நிக்கும்லம்மா?"

நிற்கும் என்று சொல்ல வாய் எடுத்தேன். பழகிய வாய்.

"தெரியல தாயி" என்றேன். "நீ அங்கேயே இரு."

அங்கேயே இரு என்கிற வார்த்தையை என் வாயால் சொல்லக் கூடாது என்றுதான் இந்த வீட்டையே கட்டினேன்.